காலை எடுத்ததும் கார் ஏன் முட்டுகிறது? ஒற்றைப் பெடல் ஓட்டத்தின் சிக்கல்களும் தீர்வுகளும்

மின்சாரக் கார் வாங்கிய முதல் வாரத்தில் என்னோடு வந்த எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்கள். பாராட்டி அல்ல. ஆக்சிலரேட்டரிலிருந்து நான் காலை எடுத்த ஒவ்வொரு முறையும் கார் கடிவாளம் இழுத்த குதிரைபோல முட்டியது. பின்னிருக்கையில் தலைகள் முன்னே போய்ப் பின்னே வந்தன. கார்தான் பழுது என்று நினைத்தேன். பழுது என் வலது காலில் இருந்தது.

ஆக்சிலரேட்டர் ஒன்றாலேயே வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் ஒற்றைப் பெடல் ஓட்டம். அதற்குப் பிறகு உறவினர்கள், நண்பர்கள் என்று சிலருக்கு இந்த ஓட்டத்தைப் பழக்கிக் கொடுத்திருக்கிறேன். ஆளுக்கு ஆள் வார்த்தைதான் மாறுகிறது, புகார்கள் ஒன்றேதான். அவற்றில் பாதி காலின் பழக்கத்தால் வருபவை. மீதியில் பெரும்பகுதி பேட்டரியின் நிலையால் வருபவை. காரில் உண்மையான கோளாறு இருப்பது அபூர்வம். எது எந்த வகை என்று தெரியாமல் பட்டறைக்கு ஓடுபவர்களும் உண்டு, உண்மையான கோளாறைப் பழக்கம் என்று நினைத்து விட்டுவிடுபவர்களும் உண்டு.

புகார்களுக்குப் போவதற்கு முன் நடப்பது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆக்சிலரேட்டரைத் தளர்த்தியதும் மோட்டார் தன் வேலையைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறது. அதுவரை சக்கரத்தைச் சுழற்றிய அது, இப்போது சக்கரத்தால் சுழற்றப்பட்டு, ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தை பேட்டரிக்கு அனுப்புகிறது. அந்தச் சுழற்சிக்கு மோட்டார் காட்டும் எதிர்ப்புதான் காரின் வேகத்தைக் குறைக்கிறது. இதுதான் ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங், சுருக்கமாக ரீஜென். உண்டான மின்சாரம் போய்ச் சேர இடம் இருந்தால்தான் இந்தத் தடுப்பு கிடைக்கும். கீழே வரும் புதிர்களில் சரிபாதிக்கு விடை இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

எந்தப் புகாராக இருந்தாலும் முதலில் டாஷ்போர்டைப் பாருங்கள். ரீஜென் எந்த அளவில் இருக்கிறது? பேட்டரி எத்தனை சதவீதம்? சில கார்கள் ஒவ்வொரு முறை அணைத்து இயக்கும்போதும் ரீஜென் அளவைப் பழைய நிலைக்கே கொண்டுபோய்விடும். இன்னும் சிலவற்றில் ரீஜென் அளவை மாற்ற ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள பட்டைகளைத் திருப்பத்தில் விரல் தெரியாமல் தட்டிவிடும். “நேற்று நன்றாக நின்றது, இன்று வழுக்கிக்கொண்டு போகிறது” என்று சொன்னவர்களில் பலருக்கு இதைத் தாண்டி எதுவும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

காலை எடுத்தாலே கார் முட்டி நிற்கிறது

முதல் நாளே வரும் புகார் இது. பெட்ரோல் காரில் ஆக்சிலரேட்டரை நாம் “விடுகிறோம்”. விட்டால் வண்டி தன்போக்கில் உருளும், பிறகு கால் பிரேக்குக்குப் போகும். பல ஆண்டுகளாகக் கால் கற்றுவைத்திருக்கும் பாடம் அது. ஒற்றைப் பெடல் ஓட்டத்தில் அந்தப் பெடலின் மேல்பாதி முழுவதும் பிரேக்தான். அதைச் சட்டென்று விடுவதும் பிரேக்கைச் சட்டென்று மிதிப்பதும் ஒன்று.

ஆகவே விடாதீர்கள், தளர்த்துங்கள். வானொலியின் ஒலியைக் குறைப்பதுபோல. பெடலின் வழியில் எங்கோ ஓரிடத்தில் மோட்டார் காரைத் தள்ளுவதும் இல்லை, தடுப்பதும் இல்லை. மிதமான வேகத்தில் அந்த நடுநிலையைக் காலால் தேடிக் கண்டுபிடிப்பதுதான் முதல் பயிற்சி. டாஷ்போர்டில் மின்சாரம் போவதையும் வருவதையும் காட்டும் மானி இருந்தால், அதன் முள் சுழியத்தில் நிற்கும்படி சில நூறு மீட்டர் ஓட்டிப் பாருங்கள். வேகம் மாறினால் அந்த இடமும் கொஞ்சம் நகரும், அதையும் கால் கற்றுக்கொள்ளும்.

அடுத்து, குதிகாலைத் தரையில் ஊன்றுங்கள். கால் முழுவதையும் தூக்கித் தூக்கி ஓட்டுபவர்களுக்குத்தான் குலுக்கல் அதிகம். குதிகால் ஊன்றியிருந்தால் பாதம் மட்டும் கணுக்காலில் திரும்பும், மில்லிமீட்டர் கணக்கில் பெடலை நகர்த்த முடியும். இருக்கை மிகவும் பின்னால் இருந்தால் இது நடக்காது. ஒரு நண்பருக்கு நான் சொன்ன அறிவுரை எதுவும் பலிக்கவில்லை, இருக்கையை நான்கு விரல் முன்னே நகர்த்தியதும் குலுக்கல் நின்றது.

எடுத்த எடுப்பில் உச்ச அளவை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. குறைந்த அளவில் தொடங்கி, சில நாளுக்கு ஒரு படியாக ஏற்றுங்கள். “ஒரே நாளில் பழகிவிடும்” என்று சொல்லும் விற்பனையாளர்கள் பின்னிருக்கையில் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

ஓட்டுபவருக்கு ஒன்றும் இல்லை, உடன் வருபவர்களுக்குக் குமட்டுகிறது

முந்தையதன் தொடர்ச்சிதான் இது. வேகம் எப்போது குறையும் என்று ஓட்டுபவரின் உடலுக்கு முன்கூட்டியே தெரியும், பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. பெட்ரோல் காரில் எஞ்சின் சத்தத்தின் ஏற்ற இறக்கமாவது ஒரு முன்னறிவிப்பாக இருந்தது. இங்கே அதுவும் இல்லை. கைபேசியைக் குனிந்து பார்ப்பவர்களுக்கு இன்னும் மோசம்.

ஆள் ஏற்றிச் செல்லும்போது ரீஜெனை ஒன்றிரண்டு படி இறக்கிவிடுங்கள். நீண்ட சாலையில் சின்னச் சின்ன வேக மாற்றங்களைக் காலால் துரத்தாமல், வேகத்தைத் தானே சீராக வைத்திருக்கும் க்ரூஸ் கன்ட்ரோலிடம் விடுங்கள். குமட்டல் என்று ஒருவர் சொன்ன பிறகும் “இதுதான் சிக்கனம்” என்று வாதாடி உச்ச அளவிலேயே ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சிக்கனமும் இல்லை. ஏன் என்பது கீழே வரும்.

சில நாள் காலையில் மட்டும் கார் வழக்கம்போல் வேகம் குறைக்கவில்லை

பயமுறுத்தும் புகார் இது, பயப்படுவதில் நியாயமும் இருக்கிறது. இரவெல்லாம் சார்ஜ் ஏறி 100 சதவீதத்தில் கிளம்புகிறீர்கள். முதல் திருப்பத்தில் காலைத் தளர்த்தினால் கார் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. பிரேக் போய்விட்டது என்று தோன்றும். போகவில்லை. நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது, அவ்வளவுதான்.

கடுங்குளிரிலும் இதுவே நடக்கும், பேட்டரி பாதி காலியாக இருந்தாலும்கூட. குளிர்ந்த லித்தியம் அயனி செல்லுக்குள் வேகமாக மின்சாரத்தைத் திணித்தால், லித்தியம் எதிர்மின்வாயின் உள்ளே புகாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். அது செல்லுக்கு நிரந்தரச் சேதம். ஆகவே பேட்டரியைக் காக்கும் கணினி உள்வரும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. பேட்டரி சூடேற ஏற ரீஜென் திரும்பி வரும்.

டாஷ்போர்டில் இதற்கு அறிகுறி இருக்கும். சில கார்களில் ரீஜென் பட்டையின் ஒரு பகுதி புள்ளிகளாக மாறும், சிலவற்றில் எச்சரிக்கை வாசகம் வரும். கிளம்பும்போது அதைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அன்றாட ஓட்டத்துக்கு 80 அல்லது 90 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. குளிர் ஊர்களில், சார்ஜரில் செருகியிருக்கும்போதே பேட்டரியைச் சூடாக்கும் வசதி காரில் இருந்தால் பயன்படுத்துங்கள். டெஸ்லா உள்ளிட்ட சில கார்களில், ரீஜென் குறையும்போது சாதாரண பிரேக்கைக் கணினியே போட்டு அதே உணர்வைத் தரும் தேர்வு அமைப்புகளில் உண்டு. அதை இயக்கிவைப்பது நல்லது.

மலை உச்சியில் தங்குபவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 1,800 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 5 கிலோவாட் மணி ஆற்றலை எங்காவது தள்ளியாக வேண்டும். டயரின் உராய்வும் காற்றின் எதிர்ப்பும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியை பேட்டரி வாங்காவிட்டால் பிரேக் டிஸ்க்தான் வாங்கும், சூடாகும். உச்சியில் முழு சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்குவது இரட்டை நட்டம்: கிடைக்கவேண்டிய மின்சாரமும் போகிறது, பிரேக்கும் தேய்கிறது.

நெடுஞ்சாலையில் ரீஜென் வலுவிழந்ததுபோல் இருக்கிறது

கோளாறு இல்லை, கணக்கு. ரீஜெனுக்குத் திறன் வரம்பு உண்டு. 60 கிலோவாட் வரை திருப்பி அனுப்பக்கூடிய 1,800 கிலோ கார் என்று வைத்துக்கொள்வோம். 50 கி.மீ. வேகத்தில் அந்தத் திறன் ஒவ்வொரு நொடியும் காரின் வேகத்தை நொடிக்குச் சுமார் 2.4 மீட்டர் குறைக்கும். 100 கி.மீ. வேகத்தில் அதே திறன் அதில் பாதி, 1.2 மீட்டர்தான் குறைக்கும். ஆனால் 100 கி.மீ. வேகத்தில் காருக்குள் இருக்கும் இயக்க ஆற்றல் 50 கி.மீ. வேகத்தில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு. நகரத்துச் சிக்னலில் பழகிய தூரக் கணக்கை நெடுஞ்சாலையில் போட்டால் முன்னால் போகும் லாரி சட்டென்று பெரிதாகத் தெரியும். அங்கே முன்கூட்டியே காலைத் தளர்த்துங்கள், பிரேக்கைப் பயன்படுத்தவும் தயங்காதீர்கள்.

மேடு பள்ளத்தில் கார் ஒரு கணம் முன்னால் பாய்கிறது

வேகம் குறைந்துகொண்டிருக்கும்போது சக்கரம் ஒரு குழியிலோ ஈரத் திட்டிலோ இறங்கினால், பிடியிழந்த சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்கக் கணினி ரீஜெனைக் கணநேரம் துண்டிக்கும். இருந்த தடுப்பு இல்லாமல் போவதால் பாய்வதுபோல் தோன்றும். உண்மையில் வேகம் கூடவில்லை. இது மின்சாரக் காருக்கு முன்பே, எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார்களிலேயே வந்த விவகாரம். 2010 பிப்ரவரியில் டொயோட்டா, பிரியஸ் உள்ளிட்ட ஹைபிரிட் கார்களை, உலக அளவில் 4 லட்சத்துக்கும் அதிகமானவற்றை, பிரேக் மென்பொருளைத் திருத்துவதற்காகத் திரும்ப அழைத்தது இதைச் சார்ந்த புகாரால்தான்.

வேகத்தடைக்கும் குழிக்கும் முன்பே பிரேக் பெடலுக்குக் காலை மாற்றிக்கொள்வதுதான் தீர்வு. ஈரத்திலும் பனியிலும் ரீஜெனைக் குறைத்துவையுங்கள். மோட்டார் இருக்கும் அச்சின் சக்கரங்களை மட்டும் ரீஜென் பிடிக்கிறது, பிரேக் பெடலோ நான்கையும் பிடிக்கிறது. பின்சக்கரம் மட்டும் இயங்கும் காரில், வழுக்கும் வளைவின் நடுவே காலைச் சட்டென்று எடுத்தால் வால்பக்கம் வெளியே வீசப் பார்க்கும்.

பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்

உங்கள் பிரேக் விளக்கை நீங்கள் பார்க்க முடியாது என்பதுதான் சிக்கல். ஐ.நா. வாகன விதிகளின்படி, ரீஜெனால் வேகம் நொடிக்கு நொடி 1.3 மீட்டருக்கு மேல் குறைந்தால் பிரேக் விளக்கு எரிந்தாக வேண்டும். 0.7 மீட்டர் வரை எரியக்கூடாது. இடைப்பட்டது தயாரிப்பாளரின் விருப்பம். அதாவது கார் கணிசமாகத் தளர்ந்துகொண்டிருக்கும்போதே பின்னால் இருப்பவருக்கு எந்த அறிவிப்பும் போகாத ஓர் இடைவெளி உண்டு. பெடலை முழுக்க விட்டால்தான் விளக்கு எரியும் என்று அமைந்த கார்களும் வந்திருக்கின்றன. பெடலில் கால் லேசாக இருக்கும்வரை, நன்றாக வேகம் குறைந்தாலும் அவற்றில் விளக்கு எரியாது.

இரவில் ஒரு சுவருக்கு முன்னால் சோதித்துப் பார்க்கலாம், அல்லது பின்னால் ஒரு நண்பரை வரச் சொல்லலாம். காரின் மென்பொருள் பழையதென்றால் புதுப்பியுங்கள். நெருக்கமாக யாராவது ஒட்டிக்கொண்டு வந்தால் பிரேக் பெடலை லேசாகத் தொடுங்கள். விளக்கு எரிய அது போதும்.

கடைசியில் கார் முழுமையாக நிற்பதில்லை. சரிவில் பின்னால் நகர்கிறது

வலுவான ரீஜென் வேறு, ஒற்றைப் பெடல் வேறு. முன்னது வேகத்தை நடைவேகம் வரை கொண்டுவந்துவிட்டுக் கைவிடும். பின்னது நிறுத்தி, நிறுத்தியபடியே பிடித்தும் வைக்கும். நிசான் 2017இல் லீஃப் காரில் தந்த இ-பெடலும், ஹூண்டாயின் ஐ-பெடலும் இரண்டாவது வகை. பல கார்களில் முதல் வகை மட்டுமே உண்டு, அவற்றில் எவ்வளவு பழகினாலும் கார் முழுமையாக நிற்காது. உங்கள் கையேட்டில் “நிறுத்திப் பிடித்தல்” என்ற பொருளில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். சீனாவில் 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பிரேக் தரநிலை, இயல்பு அமைப்பில் காலை எடுப்பதால் மட்டும் கார் முழுமையாக நின்றுவிடக் கூடாது என்கிறது. பிரேக் பெடலைக் கால் மறந்துவிடக் கூடாது என்ற கவலைதான் அதன் பின்னால் இருப்பது. எனக்கு அது அளவான கட்டுப்பாடாகவே படுகிறது.

ஒற்றைப் பெடலில் கார் நிற்பதைப் பார்த்துவிட்டு, நிறுத்திவிட்டோம் என்ற நினைப்பில் கதவைத் திறந்து இறங்கப் போவது பெரும் தவறு. நின்றிருந்தாலும் அது ஓட்டநிலையில்தான் இருக்கிறது. பார்க் நிலைக்கு மாற்றிய பிறகே இருக்கைப் பட்டையில் கை வைக்க வேண்டும்.

திடீரென்று ஏதோ குறுக்கே வந்தது, கால் பிரேக்குக்குப் போகவில்லை

இது கவனமாகப் பார்க்கவேண்டிய ஒன்று, பழகிய பிறகுதான் வருவது. ஒரு மாதம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டிய பெருமையில் இருக்கும்போது ஒரு நாய் குறுக்கே ஓடும். கால் என்ன செய்யும்? பழகியபடி மேலே எழும். கார் வேகம் குறைக்கும், ஆனால் போதாது.

50 கி.மீ. வேகத்தில், நொடிக்கு நொடி 2 மீட்டர் குறைக்கும் ரீஜென் மட்டும் காரை நிறுத்த ஏறத்தாழ 48 மீட்டர் வேண்டும். காய்ந்த சாலையில் பிரேக்கை முழுவதும் மிதித்தால் 8 மீட்டர் வீதம் குறையும், 12 மீட்டரில் நிற்கும். நடுவில் இருக்கும் 36 மீட்டரில் என்னவெல்லாம் நடக்கலாம் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. பதற்றத்தில் கால் மிதிக்கத்தான் துடிக்கும், தான் எந்தப் பெடலின்மேல் இருக்கிறதோ அதையே மிதித்துவிடலாம். ஒற்றைப் பெடல் ஓட்டத்தில் கால் எப்போதும் இருப்பது ஆக்சிலரேட்டரின்மேல்.

ஆகவே ஆளில்லாத திடலில், மாதம் ஒரு முறையாவது 40 கி.மீ. வேகத்திலிருந்து முழு பிரேக் போட்டுப் பழகுங்கள். குறுக்குச் சாலை, பள்ளிக்கூட வாசல், நிறுத்துமிடம் ஆகிய இடங்களில் காலைப் பிரேக்கின்மேல் வைத்தே நகருங்கள். நிறுத்துமிடத்தில், காலை எடுத்தாலும் மெல்ல ஊர்ந்து செல்லும் வசதியை இயக்கிக்கொண்டால் இது எளிது. இடையில் பெட்ரோல் கார் ஓட்ட நேர்ந்தால், கிளம்பிய பத்தடியிலேயே ஒருமுறை பிரேக்கை மிதித்துக் காலுக்கு அந்தப் பெடலை நினைவூட்டிவிடுங்கள்.

பிரேக் மிதித்தால் உரசல் சத்தம்

பயன்படுத்தாத இரும்பு துருப்பிடிக்கும். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் டிஸ்க்கும் பேடும் வேலையின்றிக் கிடக்கின்றன. மழைக்குப் பிறகோ கார் கழுவிய மறுநாளோ வரும் லேசான உரசல் சில மிதிகளில் போய்விடும். போகாவிட்டால், வாரம் ஒருமுறை ரீஜெனைச் சுழியத்துக்கு இறக்கி, பின்னால் யாரும் இல்லாத இடத்தில் சற்று அழுத்தமாக நான்கைந்து முறை பிரேக் போடுங்கள். ஃபோக்ஸ்வாகன் ஐடி.3, ஐடி.4 கார்களின் பின்சக்கரத்தில் பழங்கால டிரம் பிரேக்கைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. மூடிய டிரம்முக்குள் துரு எளிதில் ஏறாது என்பது அதற்கொரு காரணம். பிரேக் திரவம் மட்டும் ஓட்டத்தைப் பொறுத்துக் கெடுவதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெடுகிறது. “பிரேக்கே போடுவதில்லையே” என்று அதை மாற்றாமல் விடாதீர்கள்.

கணுக்கால் வலிக்கிறது

கால் ஓய்வெடுக்க இடமே இல்லாததால் வருவது. குதிகாலை ஊன்றுவதும் க்ரூஸ் கன்ட்ரோலும் பெரும்பாலும் போதும். இரண்டு வாரம் கழித்தும் வலித்தால் குறைந்த ரீஜெனில் ஓட்டுங்கள். பழைய முறையில் ஓட்டுவது தோல்வி இல்லை.

இவ்வளவு பழகியும் சார்ஜ் மிச்சமாகவில்லை

ஆகாது. திருப்பி எடுப்பது எப்போதும் செலவழித்ததைவிடக் குறைவு. சக்கரத்திலிருந்து பேட்டரிக்குப் போய் மீண்டும் சக்கரத்துக்கு வருவதற்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். சிக்னல் தொலைவில் சிவப்பாகத் தெரிகிறது என்றால், வேகமாகப் போய் ரீஜெனில் நிற்பதைவிட நடுநிலையில் காலை வைத்து உருண்டு போவதே மிச்சம். பெரும்பாலான மின்சாரக் கார்களில் பிரேக் பெடலை மிதமாக மிதித்தாலும் முதலில் வேலை செய்வது ரீஜென்தான். போர்ஷே டைக்கான் இயல்பு அமைப்பில் காலை எடுத்தால் உருண்டுதான் போகும், ரீஜென் முழுவதும் பிரேக் பெடலில் இருக்கிறது. அன்றாட பிரேக்கிங்கில் சுமார் 90 சதவீதத்தை ரீஜெனே பார்த்துக்கொள்கிறது என்று அந்த நிறுவனம் சொல்கிறது. ஒற்றைப் பெடல் வசதிக்காகத் தேர்ந்தெடுப்பது, சிக்கனத்துக்காக அல்ல.

பழக்கத்தால் தீராதவை

பிரேக் மிதிக்கும்போது கார் ஒரு பக்கமாக இழுத்தால், பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் அல்லது தரையைத் தொட்டால், டாஷ்போர்டில் சிவப்பு பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தபடியே இருந்தால், ஒரே ஒரு சக்கரம் மட்டும் கை வைக்க முடியாதபடி சுட்டால் வண்டியை ஓரம்கட்டிவிட்டுப் பட்டறையை அழையுங்கள். மிதமான வெயிலில், 60 சதவீத சார்ஜில், அமைப்பு மாறாமலே ரீஜென் நாள்கணக்கில் வராமல் இருந்தாலும் காட்டவேண்டியதுதான். அப்படிக் காட்டும்போது சார்ஜ் சதவீதத்தையும் வெளி வெப்பநிலையையும் டாஷ்போர்டோடு படம் எடுத்துக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் “பழகப் பழகச் சரியாகிவிடும்” என்று அவர்களும் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.